மாற்று மைதானத்தைக் குலுக்கலுக்கு முன்பே முடிவு செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் மூண்ட நாட்டுக்கு ஆடப் போகாமல் ஒரு கிளப் நின்றுவிட்டால், நம் விளையாட்டுப் பக்கங்களில் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி ‘பயந்துவிட்டார்கள்’ என்கிறது, மறு கட்சி ‘உயிரைவிட ஆட்டமா பெரிது’ என்கிறது. கொல்கத்தா கிளப்பான மோகன் பகான் 2024-லும் 2025-லும் ஈரானுக்கு ஆடப் போகாதபோதும் இதே பேச்சுதான் ஓடியது. அந்த ஆட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதை யார், எந்தத் தேதிக்குள், எந்த விதிப்படி முடிவு செய்திருக்க வேண்டும் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. வெட்டுவதானால் வாலை வெட்டுங்கள், நடுவில் கை வைக்க வேண்டாம்.

முதலில் 2024. ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 போட்டியின் ஏ பிரிவில் மோகன் பகான், ஈரானின் டிராக்டர், கத்தாரின் அல் வக்ரா, தஜிகிஸ்தானின் ரவ்ஷான். அக்டோபர் 2 அன்று தப்ரீஸ் நகரில் டிராக்டருடன் ஆட்டம். முந்தைய நாள் இரவு ஈரான் இஸ்ரேல்மீது ஏவுகணைகளை ஏவியது. ஈரானில் விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஈரானுக்கு அவசியமில்லாத பயணம் வேண்டாம் என்று நம் வெளியுறவு அமைச்சகம் அறிவுறுத்தியது அக்டோபர் 2 அன்று, அதாவது ஆட்டத்தன்றே. மோகன் பகான் அதற்கு முன்பே போவதில்லை என்று முடிவெடுத்திருந்தது. போயிருந்தால் தப்ரீஸ் ஓட்டலில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், ஆட்டமும் நடந்திருக்காது.

அக்டோபர் 7 அன்று ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு அறிவித்த முடிவு: மோகன் பகான் போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்படும், அது ஆடிய ஆட்டங்களும் ஆட வேண்டிய ஆட்டங்களும் செல்லாது, அவற்றின் புள்ளியோ கோலோ தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படாது. அடுத்த வாரமே, அக்டோபர் 15 அன்று, ஈரான் தேசிய அணி தன் சொந்த மண்ணில் கத்தாருடன் ஆட வேண்டிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் துபாய்க்கு மாற்றப்பட்டது. அக்டோபர் 22 அன்று ஈரானின் எஸ்தெக்லால் கிளப் சவூதியின் அல் நாசருடன் தெஹ்ரானில் ஆட வேண்டிய ஆட்டமும் துபாயில்தான் நடந்தது. 2-ஆம் தேதி போக மறுத்தவன் போட்டியை விட்டே வெளியே. 22-ஆம் தேதி வந்தவனுக்குத் துபாய். எங்கள் புகாரின் மையம் இதுதான். ஈரானில் ஆடுவது பாதுகாப்பா இல்லையா என்ற தீர்ப்பு இரண்டு வாரத்தில் மாறியது. ஆனால் மாறிய தீர்ப்பின் பலன் முதலில் மாட்டியவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் பலர் கவனிக்காமல் விட்டது ரவ்ஷானின் கதி. நான்கு அணிகள் உள்ள பிரிவில் ஆளுக்கு 6 ஆட்டம், மொத்தம் 12. ஓர் அணி போனால் பாதி ஆட்டம் போய்விடும். மோகன் பகான் அதுவரை ஆடியிருந்தது ஒரே ஓர் ஆட்டம். செப்டம்பர் 18 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ரவ்ஷானுடன் 0-0. ரவ்ஷான் வெளியூரில் போராடி எடுத்த அந்த ஒரு புள்ளி காற்றோடு போனது. 2025-லும் இதே கூத்து. துர்க்மேனிஸ்தானின் அஹல் அணி சால்ட் லேக்கில் 1-0 என்று வென்றது. மோகன் பகான் ஈரானின் இஸ்ஃபஹான் நகருக்குச் செபஹான் அணியுடன் ஆடப் போகாததால் அஹலின் 3 புள்ளியும் அழிந்தது. பயணம் செய்து, ஆடி, வென்றவனுக்குத் தண்டனை.

சரி, பழைய முடிவை வைத்துக்கொண்டு மீதி ஆட்டங்களை மட்டும் 3-0 என்று எதிரணிக்குக் கொடுத்தால் என்ன? அதுவும் சரிவராது. ரவ்ஷானுக்கு 0-0 நிற்கும். டிராக்டருக்கும் அல் வக்ராவுக்கும் வியர்வை சிந்தாமல் இரண்டு ஆட்டத்திலும் 3 புள்ளி, 3 கோல். ரவ்ஷான் இன்னும் கீழே போகும். அதனால் எல்லாவற்றையும் அழிப்பதுதான் உள்ளதில் குறைந்த அநியாயம் என்று கூட்டமைப்புகள் நினைக்கின்றன. அந்த வாதத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விலகல் என்ற நிலைமையே வராமல் பார்த்துக்கொள்ள முடியும்போது, வந்தபின் எப்படி வெட்டுவது என்று கணக்குப் போடுவது வீண்.

‘தள்ளி வைத்திருக்கலாமே’ என்பார்கள். 2024-இல் பிரிவு ஆட்டங்கள் செப்டம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தாக வேண்டியிருந்தது, 6 ஆட்ட நாட்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் தேசிய அணிகளுக்கென்று ஃபிஃபா ஒதுக்கும் நாட்களில் கிளப் ஆட்டம் வைக்க முடியாது. வாரக் கடைசியில் உள்ளூர் லீக். கடைசி ஆட்ட நாளில் ஒரே பிரிவின் ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு ‘பார்த்து’ ஆடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆட்டத்தைச் செருக ஒரு புதன்கிழமை கிடைப்பதே பெரிய விஷயம்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, வரிசையைப் புரட்டுவது. தப்ரீஸ் ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, கொல்கத்தா ஆட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால் பல வாரம் அவகாசம் கிடைக்கும். ஐரோப்பாவில் தகுதிச் சுற்றுகளில் இது சகஜம். ஆனால் அதையும் மூன்று நாள் முன்பு செய்ய முடியாது. 2024 அக்டோபர் 2 மகாளய அமாவாசை. அடுத்த வாரம் துர்கா பூஜை. கொல்கத்தா போலீஸ் முழுக்கப் பந்தல்களுக்கும் ஆற்றங்கரைக்கும் போயிருக்கும். அந்த ஆகஸ்டில்தான் நகரத்துப் போராட்டங்களால் பாதுகாப்புக்கு ஆள் போதாமல் டியூரண்ட் கோப்பையின் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டமே ரத்தானது. மைதானம் காலியாக இருந்தால் மட்டும் போதாது. போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ், எதிரணிக்கு விசா, நடுவர் குழுவுக்கு விசா எல்லாம் வேண்டும். நடுவர்களும் மேட்ச் கமிஷனரும் மூன்றாவது நாட்டிலிருந்து வருகிறவர்கள். வான்வழி மூடினால் அவர்களும்தான் மாட்டுவார்கள். அவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.

இன்ஷூரன்ஸ் பக்கம் வருவோம், ஏனென்றால் ‘பயம்’ என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரும்பாலான பயண, விபத்து பாலிசிகளில் போரால் வரும் சேதத்துக்கு விலக்கு உண்டு. வீரரின் சொந்த நாட்டு அரசு ‘போகாதே’ என்று சொன்ன இடத்துக்குப் போனால் பல பாலிசிகள் செல்லாமலே போகும். மோகன் பகானில் ஆஸ்திரேலியர்கள் பலர். ஆஸ்திரேலிய அரசு ஈரானுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்றால், அது வீரர் தேசிய அணிக்கு ஆடும்போது அடிபட்டால் கிளப்புக்கு ஈடு கொடுக்கிற திட்டம். கிளப் போட்டிக்கு அது உதவாது. ஆக, போகச் சொல்லும் கிளப் நிர்வாகம் கோடிக்கணக்கான சம்பள ஒப்பந்தங்களை வெறுங்கையில் சுமந்துகொண்டு விமானம் ஏற வேண்டும்.

அதற்காக மோகன் பகானுக்கு முழு மதிப்பெண் கொடுக்க மாட்டோம். 2025-இல் சூழ்நிலை எல்லோருக்கும் முன்பே தெரியும். ஜூனில் ஈரான் – இஸ்ரேல் 12 நாள் போர். இஸ்ஃபஹான் அணு நிலையமே தாக்கப்பட்டது. எந்த அணி எந்தப் பிரிவில் என்று முடிவு செய்யும் குலுக்கல் ஆகஸ்ட் 15 அன்று. ஆட்டம் செப்டம்பர் 30. இடையில் ஒன்றரை மாதம் முழுசாக இருந்தது. அன்றே ‘எங்கள் இத்தனை வெளிநாட்டு வீரர்களுக்கு இன்ன இன்ன அரசின் தடை, இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கடிதம் இதோ, இந்த மூன்று மைதானத்தில் ஒன்றில் ஆடத் தயார்’ என்று காகிதத்தை அடுக்கி, அதை ஊரறியச் செய்திருக்கலாம். கடைசி நேரத்தில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டுவதால் பலன் குறைவு. தீர்ப்பாயமும் ஆவணத்தைத்தான் கேட்கும்.

நம் பெங்களூரு ரசிகர்களுக்கு இது அன்னியமான விஷயம் இல்லை. 2016 அக்டோபரில் கண்டீரவா மைதானத்தில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று வென்று பெங்களூரு எஃப்.சி. ஆசியக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போனது. இறுதி ஆட்டம் நவம்பர் 5 அன்று தோஹாவில். எதிரணி ஈராக்கின் அல் குவா அல் ஜவியா. இறுதி ஆட்டத்தை நடத்தும் உரிமை அந்த ஆண்டு மேற்கு ஆசியப் பக்கம், ஈராக்கில் சர்வதேச ஆட்டம் நடத்த முடியாத நிலை, ஆகவே கத்தார். பெங்களூரு 1-0 என்று தோற்றது. கவனிக்க வேண்டியது வேறு. ஈராக் அணியின் சொந்த மைதானம் தோஹா என்பது முன்கூட்டியே பதிவான விஷயம். யாரும் யாரையும் மிரட்டவில்லை, யாரும் விலகவில்லை, ஆட்டம் ஒழுங்காக நடந்தது. அதே ஈராக் அணி 2017 இறுதியைத் தஜிகிஸ்தானின் ஹிசாரில் வென்றது. 2018 மார்ச்சில் பாஸ்ரா, கர்பலா, எர்பில் நகரங்களுக்கு ஃபிஃபா தடையை நீக்கியபின், அந்த அக்டோபரில் இறுதி ஆட்டத்தைச் சொந்த நாட்டில், பாஸ்ராவிலேயே ஆடி 2-0 என்று வென்றது. மாற்று மைதானம் என்றால் நிரந்தரமாக ஊரை இழப்பது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

2017-இல் பெங்களூரு எஃப்.சி. வட கொரியத் தலைநகர் பியாங்யாங்குக்கே போனது. ஆகஸ்ட் கடைசியில் ஜப்பானுக்கு மேலாக ஏவுகணை பறந்தது, செப்டம்பர் 3 அன்று அணுகுண்டுச் சோதனை நடந்தது. செப்டம்பர் 13 அன்று அங்குள்ள மே தின மைதானத்தில் ‘ஏப்ரல் 25’ என்ற பெயருள்ள வட கொரிய அணியுடன் 0-0. இங்கே 3-0 என்று ஏற்கெனவே வென்றிருந்ததால் அடுத்த சுற்று கிடைத்தது. ‘நம்மவர்கள் போனார்களே, கொல்கத்தாக்காரர்களுக்கு என்ன?’ என்று இதைக் காட்டிக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அன்று குண்டு விழவில்லை, விமானம் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையில்லை.

ஐரோப்பா இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். 2014-லிருந்து ரஷ்ய, உக்ரைன் கிளப்புகள் மோத நேராதபடி ஐரோப்பியக் கூட்டமைப்பு குலுக்கலிலேயே தடை வைத்தது. குலுக்கல் பந்தை எடுத்ததும், மோதக் கூடாத நாட்டு அணி ஏற்கெனவே உள்ள பிரிவு என்றால், கிடைக்கிற அடுத்த பிரிவுக்கு அணி நகரும், அவ்வளவுதான். உக்ரைன் கிளப்பான ஷாக்தார் தோனெத்ஸ்க் 2014-இல் போரால் தன் சொந்த மைதானமான தோன்பாஸ் அரேனாவை விட்டுக் கிளம்பியது. லிவிவ், கார்கிவ், கீவ் என்று உள்நாட்டில் சுற்றி, 2022-க்குப் பின் போலந்தின் வார்சா, ஜெர்மனியின் ஹாம்பர்க், கெல்சென்கிர்சென். உக்ரைன் வான்வழி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. ஆகவே ஒவ்வொரு ‘சொந்த மைதான’ ஆட்டத்துக்கும் பஸ்ஸில் போலந்து எல்லை, அங்கே சோதனை வரிசை, பிறகுதான் விமானம். அப்படி வந்த அணிதான் 2023 நவம்பரில் ஹாம்பர்க்கில் பார்சிலோனாவை 1-0 என்று வென்றது. ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன்பே மைதானம் அறிவிக்கப்பட்டதால் எதிரணிகள் டிக்கெட் போட்டன, ரசிகர்கள் வந்தார்கள்.

ஐரோப்பாவும் சறுக்கியது, அவசரப்பட்ட இடத்தில். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடக்க இருந்தது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த மறுநாளே அதைப் பாரிஸை ஒட்டிய சான்-தெனிக்கு மாற்றினார்கள். முடிவு சரி. ஆனால் ஏற்பாட்டுக்கு மூன்று மாதம்தான். மே 28 அன்று லிவர்பூல் ரசிகர்கள் வாசலில் நெரிந்தார்கள், கண்ணீர்ப் புகை வீசப்பட்டது, ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். விசாரித்த சுயேச்சைக் குழு முதன்மைப் பொறுப்பை ஐரோப்பியக் கூட்டமைப்பின் மேலேயே போட்டது. மாற்று இடம் பெயரளவில் இருந்தால் போதாது. வாசல் எத்தனை, எந்த ரயிலில் எத்தனை பேர் வருவார்கள் என்பது வரை முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய கதையும் சுருக்கமாக. மத்திய ஐரோப்பாவின் மித்ரோபா கோப்பை 1927-இல் தொடங்கியது. 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியதும் வியன்னா கிளப்புகள் காணாமல் போயின. 1940-இல் ஹங்கேரி, யுகோஸ்லாவியா, ருமேனியா மட்டும் மிஞ்ச, ஃபெரன்ஸ்வாரோஸ் – ராபிட் புக்கரெஸ்ட் இறுதி ஆட்டம் ஆடப்படவே இல்லை. ஆசியாவில் 1969-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய சாம்பியன் கிளப் போட்டியில் நம் மைசூர் மாநில அணி அரையிறுதி வரை போனது. 1970-இல் லெபனானின் ஹோமெனெட்மென் அரையிறுதியில் இஸ்ரேலின் ஹபோயல் டெல் அவீவுடன் ஆட மறுத்தது. 1971 இறுதியில் ஈராக்கின் போலீஸ் அணி இன்னோர் இஸ்ரேல் கிளப்பான மக்காபி டெல் அவீவுடன் ஆட மறுத்து, கோப்பை ஆடாமலே கைமாறியது. 1972 போட்டி ரத்து. ஆசியக் கிளப் போட்டி மீண்டும் உயிர்பெற்றது 1985-இல். யார் யாருடன், எங்கே ஆடுவார் என்பதைத் தீர்க்காமல் போட்டியைத் தொடங்கினால் ஆட்டம் மட்டுமல்ல, போட்டியே போகும். பத்து ஆண்டுக்கு மேல் போனது.

எங்கள் யோசனை இது. போர் அபாயம் உள்ள நாட்டுக் கிளப் எதுவானாலும், குலுக்கலுக்கு முன்பே ஒரு மாற்று மைதானத்தின் பெயரை, அந்த நாட்டுச் சங்கத்தின் எழுத்துச் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும். போட்டிக்குப் பதியும்போது சொந்த மைதானத்தைக் குறிப்பிடுகிறார்கள் அல்லவா, கூட ஒரு வரி. அடுத்து, மாற்றுவதற்கான காரணங்களைக் கண்ணால் பார்க்கிற விஷயங்களாக வைக்க வேண்டும்: வான்வழி மூடல் அறிவிப்பு, வருகிற அணியின் எந்த வீரருடைய அரசும் கொடுக்கும் பயணத் தடை, இன்ஷூரன்ஸ் ரத்துக் கடிதம். ஆட்டத்துக்கு 10 நாள் முன்பு வரை இவற்றில் ஒன்று வந்தாலும் ஆட்டம் தானாக மாற்று மைதானத்துக்குப் போக வேண்டும், யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. 10 நாளுக்குள் வந்தால் வரிசையைப் புரட்டு, அல்லது ஒதுக்கி வைத்த காலி நாளுக்குத் தள்ளு. அதற்கென்று ஒரு நாளை அட்டவணையிலேயே காலியாக விட வேண்டும். மாற்று மைதானத்துக்கும் வரமாட்டேன் என்கிற அணிக்குத்தான் விலகல் தண்டனை. அவர்களுக்கு இரக்கம் தேவையில்லை.

மாற்று மைதானம் எது என்பதிலும் யோசனை வேண்டும். பல ஆண்டுகளாகத் தோஹாவும் துபாயும்தான் அடைக்கலம். 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் உள்ள அல் உதெய்த் அமெரிக்கப் படைத்தளத்தை நோக்கி ஈரானின் ஏவுகணை வந்தபோது கத்தாரின் வான்வழியே மூடப்பட்டது. செப்டம்பர் 9 அன்று தோஹாவிலேயே குண்டு விழுந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணை இனி பாதுகாப்பில்லை. மத்திய ஆசியாவோ மலேசியாவோ பார்க்கலாம். தூரம் அதிகம், செலவு அதிகம், கூட்டம் வராது. டிக்கெட் வருமானத்தையும் இழந்து, மைதான வாடகை, பாதுகாப்பு, ஓட்டல் செலவையும் சொந்த மைதானம் இழந்த கிளப்பே தாங்க வேண்டுமென்றால் அது ஒருக்காலும் தானாக முன்வராது. ஆகவே அந்தக் கூடுதல் செலவில் பாதியையாவது கூட்டமைப்பு பரிசு நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். இதில்லாமல் மற்றதெல்லாம் காகிதத்தோடு நிற்கும்.

எந்த விதியும் தனி ஆளைக் காப்பாற்றாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 2025 ஜூன் 10 அன்று தெஹ்ரானில் ஈரான் தேசிய அணிக்கு ஆடிய மெஹ்தி தரேமி, 13-ஆம் தேதி வான்வழி மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பைக்குப் போன தன் கிளப்பான இன்டர் மிலானுடன் அவரால் சேர முடியவில்லை. போட்டி நடந்தது, அவர் மட்டும் இல்லை.

கடைசியாக, தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிச் செய்தி அடுத்து வரும்போது ‘ஆட்டம் ரத்து’ என்று நிறுத்திவிடாமல், கிளப் எந்தத் தேதியில் முதல் கடிதம் அனுப்பியது, மாற்று மைதானம் கேட்டதா இல்லையா, அதே பிரிவில் வேறெந்த அணியின் புள்ளி அழிந்தது என்று மூன்று வரி சேர்த்துப் போடுங்கள். ஆசியப் போட்டிக்குத் தகுதி பெறும் இந்திய கிளப்புகளும் குலுக்கல் முடிந்த வாரத்திலேயே வெளிநாட்டு வீரர்களின் பாஸ்போர்ட் நாடுகளையும் அந்தந்த அரசுகளின் பயண அறிவுரையையும் ஒரு பட்டியலாகப் போட்டு, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் வழியாகவே கோலாலம்பூருக்கு அனுப்பட்டும். நேரே அனுப்பினால் ‘சங்கம் வழியாக வரவில்லை’ என்ற பதிலுக்கே பத்து நாள் போய்விடும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்கள் சிலர்,
கௌதமபுரம், அல்சூர்,
பெங்களூரு.